புகைபோக்கி வழியே போகும் செல்வம்

பழைய சேலம் ஜில்லாவை இரும்பு நாடு என்று சொல்வது மிகையாகாது. கஞ்சமலை, கோதுமலை, கொல்லிமலை, தீர்த்தமலை ஆகிய மலைகளில் காந்தத் தன்மை பொருந்திய இரும்புத் தாது படிந்து கிடக்கிறது. சேலம் நகரத்தை அடுத்த குன்றுகளில் மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல் நிறைந்திருக்கிறது. 1997-இல் தனி ஜில்லாவாகப் பிரிந்த நாமக்கல் சமவெளியிலோ காவிரிப் பாசனத்தில் கரும்பும், மேட்டு நிலங்களில் குச்சிக்கிழங்கும் விளைகின்றன. உழைப்பதற்கு அஞ்சாத ஜனங்கள் இருக்கிறார்கள். இத்தனையும் இருந்தும் இப்பிரதேசத்துக் கைத்தொழில்கள் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் இடையே ஊசலாடிக் கொண்டிருப்பதேன்?

இக்கேள்விக்கு நமது பொதுக்கூட்ட மேடைகளில் இரண்டு விடைகள் வழக்கமாகக் கிடைக்கும். மூலதனம் போதவில்லை என்பது ஒன்று. சர்க்கார் கவனிக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் மிக அரியர். நாம் மூட்டுகிற நெருப்பில் எவ்வளவு பங்கு வேலை செய்கிறது, எவ்வளவு பங்கு வீணாகிறது என்ற கணக்கே அது. தொழிற்சாலை வேண்டும் என்று கேட்கத் தெரிந்த தேசபக்தர்கள், அத்தொழிற்சாலையின் உலையைப் பற்றியும் கேட்கத் தெரிந்து கொள்ள வேண்டும் என்பது நமது கருத்து. இது எஞ்சினீயர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று. தேசத்தின் பணப்பையையும் தொழிலாளியின் அடுப்பங்கரையையும் தொடுகிற விஷயம்.

முதலில் சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம். சேலம் ஜில்லாவில் இரும்பு உருக்கிய நமது முன்னோர்களின் உலை நாலைந்து அடி உயரமுள்ள களிமண் உலை. ஆட்டுத் தோலால் செய்த துருத்தியால், மூங்கில் குழாய் வழியாகக் காற்று ஊதுவார்கள். அவ்விதம் கிடைத்த இரும்பை ஆவாரங் கட்டையோடு சிறு மண் குகையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் பூசிச் சூடேற்றி, உலகம் வியந்த எஃகைச் செய்தார்கள். மேனாட்டு ரசாயன சாஸ்திரிகள் அதன் இரகசியத்தை அறிய நெடுங்காலம் தலையை உடைத்துக் கொண்டார்கள் என்பது நமக்குப் பெருமையே. ஆயினும் பெருமை பேசுவதோடு நிறுத்திக் கொண்டால் உண்மையில் பாதியை மறைத்தவர்களாவோம். அந்த உலையில் தாதுவிலிருந்த இரும்பில் பெரும் பகுதி கசடோடு போய்விட்டது. ஒரு சிறு கட்டி இரும்புக்கு மலையளவு கரி செலவாயிற்று. எஃகின் தரத்தில் நமது கொல்லர் யாருக்கும் இளைத்தவரல்லர். எரிபொருளின் சிக்கனத்திலேதான் குறை இருந்தது.

பின்னர் வந்தார் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தில் இருந்தவர் அவர். சேலத்துத் தாதுவின் உயர்வைக் கண்டு, உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை அமைத்தார். மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது. 1853-இல் புதிய கம்பெனி ஒன்று ஏற்பட்டு, சேலம் ஜில்லாவில் காவிரிக் கரையிலும் உலை நிறுவியது. தாது உயர்ந்தது, கம்பெனி சர்க்காரின் ஆதரவும் கிடைத்தது, கூலியும் மலிவு. அப்படியிருந்தும் 1860கள் முடிவதற்குள் அந்த உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1874-இல் கம்பெனியே கலைந்தது. காரணங்கள் பல கூறப்படுகின்றன. அவற்றுள் தலையாயது கரிப் பஞ்சம். சுற்றிலுமிருந்த காடுகள் உலை வாயில் போயின. காடு தொலைவாகத் தொலைவாகக் கரியின் விலை ஏறியது. கடைசியில் நெருப்பே தொழிலை விழுங்கிவிட்டது.

இதே காலத்தில் ஸ்காட்லாந்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் நீல்சன் என்பவர் 1828-இல் ஓர் எளிய உபாயத்துக்குப் பேடண்டு உரிமை பெற்றார். அதுவரை உலைக்குள் குளிர்ந்த காற்றையே ஊதி வந்தார்கள். குளிர்காற்றே நல்ல இரும்பு தரும் என்பது அக்காலத்து நிபுணர்களின் நம்பிக்கை. நீல்சன் காற்றைச் சூடாக்கி ஊதச் சொன்னார். கிளைட் இரும்பாலையில் 1829-இல் ஒரு டன் இரும்புக்கு 8 டன்னுக்கு மேல் நிலக்கரி செலவாயிற்று. 1830-இல் அது 5 டன் சொச்சமாகக் குறைந்தது. 1833-இல் 2¼ டன்னாயிற்று. தாது மாறவில்லை, மண் மாறவில்லை, கூலியாட்களும் மாறவில்லை. நெருப்பைக் கையாளும் முறை ஒன்றே மாறிற்று. ஸ்காட்லாந்தின் இரும்புத் தொழில் ஓங்கி வளர்ந்ததற்கு அடிப்படை அதுவே. தாது வளம் தொழிலைத் தொடங்கி வைக்கலாம். அதை நிலைக்கச் செய்வது எரிபொருள் சிக்கனமே.

நமது காலத்துக்கு வருவோம். சேலத்தில் இரும்பாலை வேண்டும் என்ற கோரிக்கை இரண்டு தலைமுறைகளின் அரசியலில் இடம் பெற்றது. சேலத்துத் தாதுவையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் சேர்த்து இரும்பு செய்யலாமா என்று ஆராய்ச்சிகள் நடந்தன. நல்ல கோக் கரி தென்னாட்டில் இல்லை என்பதே அப்போதும் முட்டுக்கட்டை. 1967-இல் தமிழ்நாட்டில் இதற்காக எழுச்சி நாள் கொண்டாடப்பட்டது. 1970-இல் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆனால் 1981-இல் ஆலை இயங்கத் தொடங்கிய போது அது தாதுவை உருக்கும் ஆலையாக அமையவில்லை. வெளியிலிருந்து வரும் எஃகைத் தகடாகத் தட்டும் ஆலையாகவே அமைந்தது. உருக்கும் பிரிவு அங்கே வந்தது 2010-இல்தான். அதுவும் மின்சாரத்தால் உருக்கும் உலை. கஞ்சமலைத் தாது இன்னும் மலையிலேயே இருக்கிறது. ஹீத்தைத் தோற்கடித்த அதே எரிபொருட் பிரச்னை வேறு உருவத்தில் நம்மையும் தடுத்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இதைக் கேட்டு மனச் சோர்வு அடைய வேண்டியதில்லை. இதே சேலம் ஜில்லாவில், மேச்சேரியை அடுத்த பொட்டனேரியில் உள்ள எஃகு ஆலையில், 'எனர்ஜி ஆப்டிமைசிங் உலை' என்னும் ஒருவகை உலை வேலை செய்து வருகிறது. எரிசக்தியை மிச்சம் பிடிக்கும் உலை என்று அதற்குப் பொருள் சொல்லலாம். இம்முறை 1980களில் பிரேசில் தேசத்தில் வளர்ந்தது. உருகிய இரும்பில் பிராண வாயுவைச் செலுத்தும்போது எரியத்தக்க வாயு வெளிப்படுகிறது. அதை வீணே வெளியே விடாமல் உலைக்குள்ளேயே எரித்து, அந்தச் சூடான புகை வெளியேறும் வழியிலே பழைய இரும்பைக் காய வைக்கிறார்கள். குளிர்ந்த இரும்பு சூடேறிய பிறகே உலைக்குள் இறங்குகிறது. மின்சாரத்தையே நம்பி உருக்க வேண்டிய அவசியம் இவ்விதம் நீங்குகிறது. சேலம் ஜில்லாவின் தொழிலாளர்களும் எஞ்சினீயர்களும் இந்த உலையைத் திறமையோடு நடத்துகிறார்கள். ஆகையால் இந்த வித்தை நமக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது.

நீல்சன் செய்ததும் பொட்டனேரியில் நடப்பதும் வேறு வேறாகத் தோன்றினாலும் தத்துவம் ஒன்றே. நீல்சன் முதலில் தனி அடுப்பு வைத்துக் காற்றைச் சூடாக்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் உலையின் வாயிலிருந்து வீணே போன வாயுவைக் கொண்டே காற்றைச் சூடாக்கினார்கள். பொட்டனேரியில் புகை இரும்பைச் சூடாக்குகிறது. வெளியே போகிற சூடு, உள்ளே வருகிற குளிர்ந்த பொருளைச் சந்திக்காமல் போகக் கூடாது என்பதே அந்தத் தத்துவம். இந்த ஒரு வாக்கியத்தை நமது ஆலை முதலாளிகள் ஒவ்வொருவரும் உலையின் சுவரில் எழுதி வைத்துக் கொள்ளலாம்.

உலையில் சூடு எவ்வழிகளில் நழுவுகிறது என்பதைப் பாமரரும் அறிய வேண்டும். முதல் வழி புகைபோக்கி. எண்ணெய் எரிக்கும் உலையிலிருந்து புகை 900 டிகிரிச் சூட்டில் வெளியேறுமானால், எரித்த எண்ணெயின் சூட்டில் ஏறக்குறையப் பாதி அந்தப் புகையோடு ஆகாயத்துக்குப் போய்விடும். அப்புகையைக் கொண்டு உள்ளே வரும் காற்றை 22 டிகிரி சூடாக்கினால் நூற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் மிஞ்சும் என்பது தொழிலறிஞர்களின் தோராயக் கணக்கு. 35 டிகிரியிலுள்ள காற்றை 300 டிகிரிக்கு ஏற்றினால் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மிஞ்சும். இதற்கு வேண்டியது புகை வழியில் வைக்கும் ஒரு குழாய்க் கட்டு.

இரண்டாவது வழி, தேவைக்கு மேல் ஊதும் காற்று. காற்றுப் போதாவிட்டால் கரும்புகை எழும். அதைக் கண்ணால் காணலாம். காற்று மிகுந்தால் புகையின் நிறம் தெளிவாயிருக்கும். முதலாளியும் நன்றாக எரிகிறது என்று மகிழ்வார். ஆனால் வேலை செய்யாத காற்றைச் சுமந்து சூடாக்கி வெளியே அனுப்புவதற்கே எரிபொருளில் ஒரு பங்கு செலவாகிக் கொண்டிருக்கும். இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. புகையில் மிஞ்சிய பிராண வாயுவை அளக்கும் சிறு கருவிதான் இதைக் காட்டும்.

மூன்றாவது வழி, திறந்து கிடக்கும் உலைக் கதவு. ஆயிரம் டிகிரிச் சூட்டிலுள்ள உலையில் ஒரு சதுர மீட்டர் வாய் ஒரு மணி நேரம் திறந்திருந்தால், சுமார் 13 கிலோ எண்ணெயின் சூடு ஒளியாக வெளியே பாய்ந்துவிடும். சூடு 1,200 டிகிரியானால் நஷ்டம் சுமார் 24 கிலோவாகும். சூடு ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் நஷ்டம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. கதவைச் சரியாக மூடுவதற்கு எந்த மேனாட்டு யந்திரமும் வேண்டியதில்லை. நான்காவது வழி, மெலிந்து வெடித்த சுவர். ஐந்தாவது வழி, பாதி நிரம்பிய உலையையும் முழு உலையைப் போலவே எரிப்பது.

இவையெல்லாம் சேர்ந்து செய்யும் சேதம் சிறிதன்று. மத்திய சர்க்காரின் எரிசக்தித் திறன் பணியகம் வெளியிட்டுள்ள பாடநூல், சிறு சூட்டு உலைகளில் எரிபொருளின் சூட்டில் நூற்றுக்கு 20, 30 பங்குதான் பயன்படுகிறதென்றும், இரும்பைக் காய்ச்சி அடிக்கும் பட்டறை உலைகளில் 5 முதல் 10 பங்குதான் பயன்படுகிறதென்றும் கூறுகிறது. பயன் 20-லிருந்து 25-ஆக உயர்ந்தால் ஐந்து பங்குதானே என்று சிலர் அலட்சியம் செய்யலாம். அது தப்புக் கணக்கு. முன்பு 100 மூட்டை கரி கொண்டு செய்த வேலையை இப்போது 80 மூட்டை கொண்டு செய்யலாம் என்பதே அதன் பொருள். எரிபொருட் செலவில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்! பல சிறு தொழில்களின் லாபமே அவ்வளவு இராது.

இனி நமது சமவெளியின் உலைகளை ஒவ்வொன்றாகக் கவனிப்போம். சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வரிசி ஆலைகளை யாரும் உலைத் தொழில் என்று எண்ணுவதில்லை. ஆனால் குச்சிக்கிழங்கின் மாவைத் திரட்டி உருட்டிய மணிகளைச் சூடான தட்டில் வறுத்தாலன்றி ஜவ்வரிசி ஆகாது. அந்த வறுப்பு அடுப்பின் முன்னே நாள் முழுதும் நின்று கிளறுகிற தொழிலாளியின் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சூடு எங்கே போகிறதென்று சொல்ல வேண்டியதில்லை. தட்டுக்குப் போக வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியை அவருடைய உடல் வாங்கிக் கொள்கிறது. இதே ஆலைகளின் கழிவுநீர் முன்பெல்லாம் ஓடையையும் கிணற்றையும் கெடுத்து வந்தது. அதை மூடிய தொட்டியில் புளிக்க வைத்தால் எரிவாயு கிடைக்கிறது. ஆலைகள் பல இவ்வாயுவை எடுத்து அடுப்புக்கும் மின்சாரத்துக்கும் உபயோகிக்கின்றன. ஊரைக் கெடுத்த நீர் ஆலையின் எரிபொருளாகிறது. எஞ்சிய ஆலைகளும் இவ்வழியில் வர வேண்டாமா? 1981-இல் ஏற்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் விற்பனைக்குச் செய்த பணியை அடுப்புக்கும் செய்யலாமே.

பரமத்தி வேலூர், பிலிக்கல்பாளையம் பக்கத்து வெல்ல ஆலைகளின் கதை இன்னும் எளிது. நூறு கிலோ கரும்பை ஆட்டினால் சுமார் 60 கிலோ சாறும் அதிலிருந்து சுமார் 10 கிலோ வெல்லமும் கிடைக்கும். இடையிலுள்ள 50 கிலோ தண்ணீரை ஆவியாக்குவதே கொப்பரை அடுப்பின் வேலை. கணக்குப் பார்த்தால் இதற்கு 9 கிலோ காய்ந்த சக்கையின் சூடு போதும். அந்தக் கரும்பிலிருந்து கிடைக்கும் காய்ந்த சக்கையோ அதைப் போல் இரண்டு பங்குக்கு மேல். ஆனால் ஒற்றைக் கொப்பரை வைத்த பழைய அடுப்பில் எல்லாச் சக்கையும் எரிந்து தீர்கிறது. சில வேளை அதுவும் போதாமல் விறகு வாங்குகிறார்கள். முதற் கொப்பரையைத் தாண்டி வரும் சூட்டில் இரண்டாவது, மூன்றாவது கொப்பரையில் சாறு காயும்படி அடுப்பை நீட்டிக் கட்டி, அடியில் கம்பித் தட்டும் முடிவில் உயரமான புகைபோக்கியும் அதில் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடும் வைத்தால் சக்கை மிஞ்சும். மிஞ்சும் சக்கை குப்பையன்று. காவிரிக்கு அக்கரையில் புகழூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் பெரிய ஆலை இருக்கிறது. சக்கை விலை போகும் சரக்கு. அதை வீணாக எரிப்பது நெல்லை எரித்து உமியில் சோறு தேடுவதை ஒக்கும்.

சேலத்து வெள்ளைக்கல்லின் விஷயம் தனிப்பட்ட கவனத்துக்குரியது. உலையின் உள்சுவர் உருகாமல் நிற்பதற்கு வேண்டிய செங்கல்லைச் செய்ய மாக்னசைட் மிகச் சிறந்த பொருள். எஃகு உலைகளின் உயிரே அதில் இருக்கிறது. தோண்டிய கல்லைச் சூளையில் இட்டுச் சுட்டால் அதன் எடையில் பாதிக்கு மேல் கரியமில வாயுவாகப் போய்விடும். உலைச் சுவருக்குத் தகுந்தபடி கெட்டியாகச் சுடுவதற்கு 1,500 டிகிரிக்கு மேற்பட்ட சூடு வேண்டும். ஆகவே எரிபொருளை மிக அதிகமாகத் தின்னும் தொழில்களில் இதுவும் ஒன்று. கல் மேலிருந்து இறங்க, சூடான வாயு கீழிருந்து ஏற, இரண்டும் வழியில் சந்திக்கும்படி கட்டிய உயர்ந்த சூளைக்கும், குவித்துச் சுடும் சூளைக்கும் எரிபொருளில் பெரும் வித்தியாசம் உண்டு. 1979-இல் ஏற்பட்ட தமிழ்நாடு மாக்னசைட் நிறுவனம் சர்க்காருடையது. உலைக்குக் கவசம் செய்து தருகிற சேலம், தன் உலைகளுக்கு நல்ல கவசம் இல்லாமல் இருப்பது விசித்திரமே.

பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயப் பட்டறைகளின் கொதிகலன்களையும் மறக்கலாகாது. நீராவிக் குழாய்களுக்குப் போர்வை இல்லை. நீராவி குளிர்ந்து கிடைக்கும் வெந்நீர் சாக்கடைக்குப் போகிறது. கொதிகலனுக்குள் செல்லும் நீரை 6 டிகிரி சூடாக்கினால் நூற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் மிஞ்சும். அந்த வெந்நீரைத் திரும்பக் கொண்டு வருவதற்கு ஒரு குழாயும் ஒரு சிறு பம்பும் போதும்.

இவ்வளவு எளிதானால் ஏன் செய்யவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். முதலாளிகள் சொல்லும் சமாதானங்கள் நமக்குத் தெரியும். "உலையை நிறுத்தினால் ஆர்டர் தவறிவிடும், கடன் வாங்கினால் வட்டி கொல்லும், எஞ்சினீயர் வந்து எழுதிக் கொடுக்கும் காகிதம் நெருப்பை எரிக்காது" என்கிறார்கள். இவற்றை வெறும் சோம்பேறித்தனம் என்று நாம் தள்ளிவிடவில்லை. மாதக் கடைசியில் கூலி கொடுப்பதற்கே தவிக்கும் சிறு பட்டறைக்காரர் மூன்று வருஷத்தில் வரப்போகும் லாபத்துக்காக இன்று பணம் முடக்க முடியாது. ஆனால் அளக்காமல் எரிப்பது எந்தக் காரணத்தாலும் நியாயமாகாது. கல்லாப் பெட்டியின் ஒவ்வொரு காசையும் எண்ணுகிற வியாபாரி, அதைவிடப் பெரிய தொகை போகும் புகைபோக்கியை ஒரு நாளாவது அளந்து பார்த்ததுண்டா?

சர்க்காரின் பங்கும் திருப்திகரமாக இல்லை. 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது; மறு வருஷம் பணியகம் ஏற்பட்டது. 2012-இல் பெரும் ஆலைகளுக்கு இன்ன அளவு எரிசக்தியைக் குறைக்க வேண்டும் என்று இலக்கு விதித்தார்கள். இரும்புத் தொழிலில் அந்த விதி தொடக்கத்தில் வருஷத்துக்கு 30,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி செலவிடும் ஆலைகளையே கட்டுப்படுத்தியது. நல்ல காரியமே. ஆனால் பெரிய ஆலைக்குச் சொந்தத்திலேயே எஞ்சினீயர்கள் உண்டு; சட்டம் இல்லாவிட்டாலும் லாபம் அதைத் தூண்டும். உதவி தேவைப்படுவது, சட்டத்தின் கண்ணுக்கே எட்டாத சிறு உலைக்குத்தான். 2025-இல் மத்திய சர்க்கார் 1,000 கோடி ரூபாய் ஒதுக்கி, எரிசக்தியை மிச்சம் பிடிக்கும் யந்திரங்களுக்காகச் சிறு தொழில்கள் வாங்கும் கடனில் நூற்றுக்கு 5 வட்டியும், நடுத்தரத் தொழில்களுக்கு 3 வட்டியும் தானே ஏற்பதாகத் திட்டம் வகுத்தது. வரவேற்கிறோம். எனினும் இந்தப் பணம் டில்லியிலிருந்து புறப்பட்டுத் திருச்செங்கோட்டுப் பட்டறை வரை வந்து சேருமா என்பதே கேள்வி. தமிழில் ஒரு விண்ணப்பப் படிவமும், வழி சொல்ல ஓர் ஆளும் இல்லாத திட்டம் காகிதத்தில் எரியும் விளக்கு.

தாமதத்துக்கு இடமில்லை என்பதற்கு வெளிநாட்டுக் காரணமும் உண்டு. இரும்பும் எஃகும் தன் எல்லைக்குள் வரும்போது, அவற்றைச் செய்கையில் வெளிப்பட்ட கரியமில வாயுவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல் விதித்தது. 2026 ஜனவரி 1 முதல் வரும் சரக்குக்குக் கட்டணப் பொறுப்பும் உண்டென்று சட்டம் செய்திருக்கிறது. பணக்கார நாடுகள் இருநூறு வருஷம் புகைவிட்டுச் செல்வம் சேர்த்துவிட்டு, இப்போது நமது புகைக்கு விலை கேட்பது எவ்வளவு நியாயம் என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த வாதத்தில் ஜெயிக்கும் வரையில் வீண் புகை விடுவதால் நஷ்டம் நமக்கே. மேலும் நமது தேசத்தில் செலவாகும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அன்னிய நாட்டிலிருந்து வருகிறது. எஃகுக்கு வேண்டிய கோக் செய்யும் நிலக்கரியிலும் பெரும் பகுதி அப்படியே. ஆகையால் சேலத்து உலையில் வீணாகும் சூடு, கப்பலேறிப் போகும் இந்தியப் பணமேயாகும். சுதேசியம் என்பது உள்நாட்டுச் சரக்கை வாங்குவதோடு முடிந்துவிடாது. அந்தச் சரக்கைக் குறைந்த நெருப்பில் செய்யக் கற்றுக் கொள்வதும் சுதேசியமே.

செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, அளவு. சேலத்தில் சர்க்கார் பொறியியல் கல்லூரி 1966 முதல் இருக்கிறது. அதில் உலோகவியலைத் தனிப் பாடமாகவே கற்பிக்கிறார்கள். அக்கல்லூரியும் ஜில்லா தொழில் மையங்களும் சேர்ந்து, அளவைக் கருவிகள் ஏற்றிய ஒரு வண்டியை ஊர் ஊராக அனுப்பட்டும். புகையின் சூடு எவ்வளவு, அதில் மிஞ்சிய பிராண வாயு எவ்வளவு, சுவரின் வெளிச்சூடு எவ்வளவு என்று ஒவ்வொரு சிறு உலைக்கும் இனாமாக அளந்து, தமிழில் ஒரு பக்கத்துச் சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். மாணவர்களுக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

இரண்டாவது, மாதிரி. ஒரு ஜவ்வரிசி வறுப்பு அடுப்பு, ஒரு வெல்லக் கொப்பரை அடுப்பு, ஒரு பட்டறை உலை ஆகியவற்றைச் சர்க்கார் செலவில் திருத்திக் கட்டி, மற்றவர்கள் வந்து பார்க்கும்படி செய்ய வேண்டும். நூறு பிரசங்கங்களைக் கேட்டு அசையாத விவசாயி, பக்கத்துக் காட்டுக்காரர் கொட்டகையில் மிஞ்சிய சக்கைப் போரைக் கண்டால் மறுநாளே கொத்தனாரைக் கூப்பிடுவார்.

மூன்றாவது, கடன். தனித் தனிப் பட்டறைக்காரரைப் பாங்கியின் படிகளில் ஏற விடாமல், அந்தந்தத் தொழிலின் சங்கமே மொத்தமாகக் கடன் பெற்று, மிச்சமாகும் எரிபொருளின் விலையிலிருந்து தவணை செலுத்தும்படி ஏற்பாடு செய்ய வேண்டும்.

நான்காவது, இதையே முக்கியமாகக் கருதுகிறோம், நெருப்பைக் காக்கும் தொழிலாளி. எந்தக் கருவியும் அவர் கையை மீறி வேலை செய்யாது. எப்போது கரி போட வேண்டும், எப்போது கதவை மூட வேண்டும், தணலின் நிறம் என்ன சொல்லுகிறது என்பதை அறிந்தவர் அவரே. அவரை அன்றாடக் கூலியாக நினைக்கும் வரையில் சிக்கனம் வராது. அவருக்குப் பயிற்சி கொடுத்து, மிச்சமாகும் எரிபொருளில் ஒரு பங்கை அவர் சம்பளத்தில் சேர்த்தால், முதலாளி தூங்கும்போதும் உலைக் கதவு மூடியே இருக்கும். சூடு வெளியே சிந்தாத உலை அவர் உடம்பையும் வாட்டாது. எரிபொருட் சிக்கனமும் தொழிலாளர் நலமும் ஒன்றுக்கொன்று விரோதமென்று எண்ணுவது பிழை.

கஞ்சமலைத் தாது என்றாவது ஒருநாள் மலையை விட்டு இறங்குமா என்பது நமக்குத் தெரியாது. அதற்கான கிளர்ச்சியும் ஆராய்ச்சியும் நடக்கட்டும். ஆனால் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல், இன்று எரிந்து கொண்டிருக்கிற ஆயிரக்கணக்கான அடுப்புகளையும் சூளைகளையும் திருத்தலாம். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம். அன்னிய நிபுணரும் வேண்டாம். அளக்கும் பழக்கமும் சிறிது முதலும் கூடி வேலை செய்யும் மனமுமே வேண்டும். தொழில் வளர்ச்சியைப் பற்றித் தீர்மானங்கள் நிறைவேற்றும் நமது நண்பர்கள், அடுத்த முறை சேலத்திலோ நாமக்கல்லிலோ கூடும்போது, ஒரு நாளைக் கூட்டத்துக்கும் ஒரு நாளைப் பட்டறைகளுக்கும் ஒதுக்குவார்களாக. பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அவற்றை அணைத்த காரணத்தை நமது உலைகளிலும் வளர விடுவது அறிவுடைமையாகாது.